இரண்டாவது வரி

குளிர்கிடங்குக் கம்பெனியில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான மேனேஜரும் அக்கா என்பார். அப்படிக் கூப்பிட்டால் தன் வயது குறையும் என்று நினைப்போ என்னவோ. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தட்டச்சு எந்திரங்கள் பழைய இரும்புக்குப் போனபிறகும் ‘டைப்பிஸ்ட் அக்கா’ என்ற பேர் போகவில்லை. நாளடைவில் டைப்பிஸ்ட் உதிர்ந்து அக்கா மட்டும் மிஞ்சியது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கம்பெனியில் ஆப்பிளுக்கு ஓர் அறை, வெண்ணெய்க்கு ஓர் அறை, மீனுக்கு ஓர் அறை என்று வரிசையாகக் குளிர் அறைகள். எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று குறித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர். மற்ற மேஜைகளில் இருப்பதைப் போன்றதல்ல அது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது, அமுக்குவதற்கு ஒரு பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, அதில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் சொத்து. என்ன வேண்டுமோ அதை எழுத்தில் அடித்துச் சொன்னால்தான் அசையும். அதைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் வேறு வேலை கிடைத்துப் புறப்பட்டதும், ‘உங்களுக்குத்தானே டைப் அடிக்க வரும்’ என்று சொல்லி மேனேஜர் அதை அக்காவின் தலையில் கட்டினார். கட்டியவர் அதோடு விட்டாரா? அவளுடைய நாற்காலியையும் தூக்கி அந்தக் கம்ப்யூட்டர் இருந்த அறையில் போட்டுவிட்டார்.

மாடிப்படிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கும். முன் ஹாலில் இருந்தவரை யாராவது வந்து மேஜையில் சாய்ந்துகொண்டு வம்பு பேசுவார்கள். எவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று காலையிலேயே தெரிந்துவிடும். இங்கே வந்தபிறகு ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரர் இரண்டு மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அதுவும் வாட்சைப் பார்த்துக்கொண்டே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ‘எல்எஸ்’, ஓர் இடத்துக்குள் போக ‘சிடி’, அழிக்க ‘ஆர்எம்’. அழித்தால் போனது போனதுதான், மற்ற கம்ப்யூட்டர் மாதிரி குப்பைத்தொட்டியில் பொறுக்க முடியாது. கம்பெனிக்கே ஒரே பேர், ஒரே ரகசிய வார்த்தை. யார் வந்தாலும் அதே பேரில்தான் உள்ளே நுழைய வேண்டும். இன்னொரு திரை பழைய கிடங்கில் இருக்கிறது, அங்கேயும் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று போகிறபோக்கில் சொன்னார். அடங்காத வேலையை நிறுத்துவதற்கு ‘கில்’.

“சாதாரணமா போட்டா சிலது கேக்காதுங்க. கூட ஒன்பதுன்னு போட்டா கேட்டே ஆகணும். ஆனா அது கடைசி நேரத்துல எதையும் எழுதி வைக்கக்கூட விடாது. பாத்துப் போடுங்க” என்றார். அக்கா தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டும் நிலையில்தான் அப்போது இருந்தாள்.

முதல் சில நாட்கள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவே பயந்தாள். அதன் குணம் அப்படி. ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் வாயே திறக்காது. நகல் எடு என்றால் எடுக்கும். எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. தப்பாக அடித்தால் மட்டும் அடித்ததையே திருப்பிச் சொல்லி, அப்படி ஒரு கட்டளையைக் காணோம் என்று இங்கிலீஷில் மூஞ்சியில் அடிக்கும். அக்காவின் அப்பாவும் இதே ரகம்தான். அந்த மனுஷனோடு குப்பை கொட்டியவள், இதோடு கொட்ட மாட்டாளா?

கொட்டினாள். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. பாதி அடித்துவிட்டு ‘டேப்’ என்ற விசையைத் தட்டினால் மீதியை அதுவே முடித்துவைப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் தங்கச்சி அப்படித்தான் இவள் ஆரம்பித்த பேச்சை முடித்துவைப்பாள். மேல் அம்பு போட்ட விசையை அமுக்கினால் முன்பு அடித்தது திரும்ப வருவதும் பிடித்தது. ஒழுங்காக விடைபெற்றுப் போனால் அன்றைக்கு அடித்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் அது தூங்கும். மறுநாள் அம்பை அமுக்கினால் நேற்றைய வேலை கண்முன் நிற்கும். தன்னை நினைவு வைத்திருக்கிற ஒன்று இந்த ஆபீசில் இருக்கிறதே என்று அவள் ஒருநாள் நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது.

தங்கச்சி பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவும் தங்கச்சியும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் காலம் தள்ளியவர்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்தாகிவிட்டது, இனி என்ன என்று அக்கா நிம்மதியாக இருந்தபோது, பல் வலி என்று போன தங்கச்சி பல் டாக்டரையே கட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அக்காவுக்குப் பெரிய குறை. குறை இருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது தீர்த்திருப்பாள். தங்கச்சி வேறு ஊருக்குக் குடிபோனபிறகு, வீட்டில் அக்கா வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் மாற்றி வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. மீன் அறையின் பழைய கணக்குகளை அழிக்கப் போனாள். ‘ஓல்டு’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழி என்பதற்கு, அந்தச் சொல்லை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். கை தவறி நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒட்டிப் போட்டால் ‘பழையதையெல்லாம்’ என்று பொருள். இடைவெளி விட்டுப் போட்டால் ‘எல்லாவற்றையும்’ என்று பொருள். என்டரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. அந்த மாதத்துக் கணக்கு மொத்தமும் போயே போய்விட்டது.

நல்லவேளை, ஒவ்வொரு அறைக்குள்ளும், மாதம் முழுக்கக் குளிரின் அளவை ஊசி சுற்றிச் சுற்றிக் கோடாகப் போடுகிற வட்டக் காகிதம் ஒன்று மாட்டியிருக்கும். தடித்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குளிருக்குள் புகுந்து புறப்பட்டு, அந்தக் காகிதங்களையெல்லாம் சேகரித்து, கோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லா எண்களையும் திரும்ப அடித்தாள். சாயங்காலம் வேலை முடிந்தபோது ஒருவருக்கும் தெரியாமல் எல்லாம் பழையபடி இருந்தது.

ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்திருக்கிறாள், யாரிடமாவது சொல்லிச் சிரித்தால்தானே அது தீரும்? தங்கச்சிக்குப் போன் போட்டாள். இவள் ஆரம்பிப்பதற்குள் தங்கச்சி, அவர் சாப்பிட வந்துவிட்டார், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

அக்கா கறுப்புத் திரையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் சொன்ன ‘ஹூ’ என்ற கட்டளை ஞாபகம் வந்தது. இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பது. அடித்தாள். இரண்டு வரி வந்தது. இரண்டிலும் கம்பெனிக்குப் பொதுவான அதே பேர். முதல் வரி அவள். இரண்டாவது வரி பழைய கிடங்கு.

அடடா, அங்கே ஒருவர் இருக்கிறார்! இன்னொரு திரைக்குச் செய்தி அனுப்ப ‘ரைட்’ என்று ஒரு கட்டளை உண்டு. தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது. செல்போனில் எல்லோரும் அடிப்பதுபோல இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள்: இன்னைக்கு நான் ஒரு மாசக் கணக்கை அழிச்சுட்டேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, திரும்ப அடிச்சாச்சு. அனுப்பிவிட்டு ஒருமாதிரி படபடப்போடு உட்கார்ந்திருந்தாள். பதில் இல்லை. வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

‘டபிள்யூ’ என்று இன்னொன்று உண்டு. உள்ளே இருப்பவர் கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். மறுநாள் காலையில் அதைப் போட்டுப் பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தொடவில்லை. பத்து மணி வாக்கில் மறுபடி போட்டாள். இப்போதுதான் தொட்டிருக்கிறார் என்று காட்டியது. ஆக வந்துவிட்டார், திரைக்கு முன்னால் நிற்கிறார், நேற்று எழுதியதைப் படித்திருக்கிறார். அக்காவுக்கு அன்று முழுவதும் கம்ப்ரசர் சத்தமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் எழுதினாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குடையைப் பஸ்ஸில் விட்டது, மேனேஜரின் புதுத் தலைச்சாயம் காதுவரை வழிந்தது, தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிடாதது. ஒருநாள், வீட்டில் இருக்கும் இரண்டு டம்ளரில் ஒன்றை மட்டும் கழுவிக் கழுவி அது மட்டும் பளபளக்கிறது என்றுகூட எழுதிவிட்டாள். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக அதை எழுதினாள். தினமும் பத்து மணிக்கு அந்தப் பக்கம் விசை தொடப்படும். ஆனால் பதில் மட்டும் வராது.

ஏன் பதில் எழுதவில்லை? எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாதோ என்று ஒருநாள் தோன்றியது. சொல்லிக்கொடுக்கலாமா என்று விசைப்பலகையில் கையைக்கூட வைத்துவிட்டாள். அப்புறம், அந்தத் திரைக்கு முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்குப் போய் நாம் பாடம் எடுப்பதா, அவமானமாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டாள். கூச்ச சுபாவம் போல. வேலை அதிகம் போல. ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அக்கா கெட்டிக்காரி. தங்கச்சிக்கும் இப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பழைய கிடங்குக்கு ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அவளுக்குப் பயம், வேறென்ன? போய்ப் பார்த்து அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், இருக்கிற இந்த ஒரு வரியும் இல்லாமல் போய்விடும்.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனிக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருப்பதை அதற்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது. மேனேஜர் அறை வாசலில் நின்றபடியே, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுங்கள் என்றார். எல்லோரையும் என்றால், அக்காவைத் தவிர்த்தால் அந்த ஒருவர்தான்.

அவள் நாளைக் கடத்தினாள். வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் எழுதினாள்: இன்னைக்கு மத்தியானம் உங்களை வெளிய அனுப்பச் சொல்லியிருக்காங்க. அப்புறம் இந்த வழியா எழுத முடியாது. நீங்க யாருன்னு கேக்க மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க போதும். இருக்கீங்களா?

அனுப்பிவிட்டு ‘டபிள்யூ’வைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு விசை தொடப்பட்டது. அக்கா தன் திரையைப் பார்த்தாள். கோடு கண்சிமிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டபிள்யூ’. தொட்டு நேரமாகிவிட்டது என்றது. படித்துவிட்டார். படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை! பிச்சை கேட்பது மாதிரி கேட்டாளே. கல்நெஞ்சம் பிடித்த ஜென்மம் என்று வாய்விட்டே சொன்னாள். மத்தியானம்வரைகூடக் காத்திருக்கவில்லை. ‘கில்’ போட்டாள். இரண்டாவது வரி போகவில்லை. சாதாரணமாகச் சொன்னால் சிலது கேட்காது என்று கண்ணாடிக்காரர் சொன்னாரே, அது இதுதான். அந்த இடத்தில் அவள் கை ஒரு கணம் நின்றது. கேட்டால் பதில் சொல்லவும் மாட்டார், போகச் சொன்னால் போகவும் மாட்டாரா என்று நினைத்து, ஒன்பதைச் சேர்த்து அடித்தாள். ‘ஹூ’ என்று கேட்டாள். ஒரே வரி வந்தது.

வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பழைய எந்திரத்தை அணைத்துவிட்டார்கள். பழைய கிடங்கில் இருக்கும் திரையையும் விசைப்பலகையையும் எடுத்துவர வேன் போனது. சரியான சாமானா என்று பார்த்துக்கொடுக்க அக்காவும் கூடப் போக வேண்டியதாயிற்று. வழியெல்லாம் அந்த மனிதரிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் கேட்கக் கூடாது, சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அறையில் மேஜைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தன. மூலையில் அந்தத் திரை மட்டும் தன் மேஜையில் இருந்தது. நீலச் சட்டை போட்ட துப்புரவுப் பெண் ஒருத்தி, அக்காவைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், ஈரத்துணியால் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே உட்கார்ந்திருப்பவர் எங்கே என்று அக்கா கேட்டாள். யாரும் இல்லை, மேடம், என்றாள் அவள். உட்கார்ந்திருந்தவர் போன வருஷமே வேறு கிளைக்குப் போய்விட்டாராம். போட்டது போட்டபடி, எதையும் அணைக்காமல் போனாராம். அதற்குப் பிறகு இந்த அறைக்கு வருகிற ஒரே ஆள் நான்தான், தினமும் பத்து மணிக்கு வந்து துடைத்துவிட்டுப் போவேன் என்றாள்.

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. விடைபெறாமல் போன ஒருவருடைய வரி. விசையைத் தொட்டது ஒரு துணி. காய்ச்சல், குடை, தங்கச்சி, பளபளக்கும் டம்ளர், எல்லாவற்றையும் இத்தனை நாளும் ஒரு துடைக்கிற துணியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்புத்தான் வந்தது. அழுதால் எவ்வளவு கேவலம் என்றும் தோன்றியது.

அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தத் திரையில் ஓர் அக்கா எழுதுவாங்க, மேடம், என்றாள். யார் என்று தெரியாதாம். ஆரம்பத்தில் என்னவோ வேலை விஷயம் என்று கண்டுகொள்ளவில்லையாம். அப்புறம் தினமும் படிக்க ஆரம்பித்தாளாம். ரெண்டு நாள் ஒன்றுமே வராதபோது பயந்து போனாளாம். காய்ச்சல் என்று அப்புறம்தான் தெரிந்ததாம்.

“பாவம் மேடம், அவங்களுக்குப் பேச யாருமே இல்ல போல” என்றாள்.

நீ ஏன் பதில் எழுதவில்லை என்று அக்கா கேட்டாள்.

“எழுதாம இருப்பேனா? தினமும் அடிப்பேன். உடம்பப் பாத்துக்கங்கன்னு அடிச்சேன். தங்கச்சி கூப்பிடுவாங்க, விடுங்கன்னு அடிச்சேன். இன்னும் என்னென்னவோ, எல்லாம் ஞாபகம் இல்ல. நான் எதை அடிச்சாலும் அதையே திருப்பிப் போட்டு, காணோம், காணோம்னு இங்கிலீஷ்ல சொல்லும். நான் அடிக்கிற முறை தப்புன்னு தெரியும். யாரைப் போய்க் கேக்கறது? எதையாவது கெடுத்துட்டேன்னு வேலையை விட்டு நிறுத்திட்டா?”

அந்த இடத்தில் அடிப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கட்டளை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அக்காவுக்கு அது தெரியும். ‘ரைட்’ என்று முதலில் அடியுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தால் போதும். கையை வைத்துவிட்டு எடுத்தாளே, அந்த ஒரு வரி.

“கடைசி நாள் என்ன அடிச்சே?” என்றாள்.

“இருக்கீங்களான்னு கேட்டிருந்தாங்க. இருக்கேன்னு அடிச்சேன். அதுக்கும் காணோம்னு சொல்லிடுச்சு. திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்துட்டு, மேல்மாடி துடைக்கணும்னு போயிட்டேன். வந்து பாத்தா எல்லாம் மறைஞ்சு போய், உன் பேர் என்னன்னு கேக்கற மாதிரி ஒரு வரி இருந்துச்சு. என் பேரை அடிச்சேன். ரகசிய வார்த்தை கேட்டுச்சு. எனக்கேது மேடம்?”

ஒன்பதைப் போட்டால் எழுதி வைக்கக்கூட விடாது. கொஞ்சம் பொறுமையாக, ஒழுங்காக விடைபெறவைக்கிற வேறு எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தால், அந்தப் பக்கம் அடித்தது எல்லாம் பொதுவான அந்தப் பேரில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். திங்கட்கிழமை வந்து மேல் அம்பை அமுக்கியிருந்தால் ஒவ்வொன்றாக அவள் திரைக்கு வந்திருக்கும். உடம்பப் பாத்துக்கங்க. விடுங்க. இருக்கேன். அத்தனையையும் அவளே, அவள் கையாலேயே, ஒரு கோபத்தில் துடைத்துப் போட்டுவிட்டாள். இந்தப் பெண்ணுக்கே ஞாபகம் இல்லாதது இனி எங்கேயும் இல்லை.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். துப்புரவுப் பெண் துணியை மடித்து விசைப்பலகையின் மேல் வைத்தாள். இந்தக் கிடங்கையும் மூடப் போகிறார்கள், தன்னை எங்கே போடுவார்களோ தெரியவில்லை என்றாள். அதைவிட, பதில் கிடைக்காமல் கோபித்துக்கொண்டிருப்பாளோ என்று அந்த அக்காவின் நினைப்புத்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“மேடம், நீங்க அந்த ஆபீஸ்தானே? அவங்களத் தெரியுமா? நல்லா இருக்காங்களா?”

அக்கா அணைந்து கிடந்த திரையைப் பார்த்தாள். அதில் இரண்டு பேருடைய நிழலும் தெரிந்தது.

“இருக்கேன்” என்றாள்.